புள்ளிக்கு முன்னால் ஒன்று

மென்பொருள் தயாராகிவிட்டது என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான். இன்னும் தயாராகவில்லை என்று சொன்னாலும் அதே சம்பளம்தான், திட்டு மட்டும் கூடுதல்.

பந்தி போடுவதற்கு முன்னால் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்துத் தலையாட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள், யாரோ செய்த ஒன்றுக்கு "சரி, போகலாம்" என்று சொல்லும் இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உப்பு கூடிப்போனால் சமைத்தவரை விட்டுவிட்டு ருசி பார்த்தவரைத்தான் பிடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களிடம் கூச்சமில்லாமல் சொல்லலாம்.

எங்கள் மென்பொருளின் பெயர் தராசு. லாரி எடைமேடைகளுக்காக எழுதப்பட்டது. சரக்கோடு வண்டி மேடையில் ஏறும், ஓர் எடை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வந்து ஏறும், அது காலி எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது சரக்கு. இந்தக் கழித்தலைச் செய்து சீட்டு அடித்துக் கொடுப்பதுதான் தராசின் வேலை. திறந்த மூல மென்பொருள் என்பதால் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தி அனுப்பலாம். பல ஊர்களிலிருந்து ஏழெட்டுப் பேர் எழுதுகிறார்கள். கோவையில் இதைத் தொடங்கிய பிரபாகரின் சிறு நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறது. இவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. கூட்டங்களில் கேமராவை அணைத்தே வைத்திருப்பதால் அவர்களும் என்னைப் பார்த்ததில்லை. செஞ்சியில் வீட்டில் உட்கார்ந்து, வருகிற குறைகளைச் சேகரித்து, திருத்தங்களைச் சோதித்து, ஒருநாள் "பதிப்பு ஒன்று தயார்" என்று நான் அறிவிக்க வேண்டும். மூன்று வருடமாகத் தராசு பூஜ்யம் புள்ளி ஏதோ ஒன்றாகவே இருந்தது. பூஜ்யத்தில் தொடங்கினால் "இன்னும் செய்துகொண்டிருக்கிறோம், ஜாக்கிரதை" என்று பொருள். ஒன்றில் தொடங்கினால் "நம்பலாம்" என்று பொருள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு.

பூஜ்யத்தின் மரியாதை

நிஜமான எடைமேடை ஒன்றில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் தயார் என்று சொல்ல முடியாது. மேல்மலையனூர் போகும் சாலையில் ஓர் எடைமேடை இருக்கிறது. அதன் முதலாளியிடம் கேட்கப் போனேன். வாசலில் கால் மணி நேரம் செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் காசு கொடுத்து வாங்கிய பழைய மென்பொருள் அடிக்கடி நின்றுபோகிறது என்றும், விற்ற கம்பெனி போனை எடுப்பதில்லை என்றும் எனக்கு முன்பே தெரியும். தை அறுவடைக்குள் வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று அவரே சொன்னார். நான் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன்.

அவர் திரையில் இருந்த பட்டன்களைப் பார்க்கவில்லை. மூலையில் சின்ன எழுத்தில் இருந்த பதிப்பு எண்ணைப் பார்த்தார். பூஜ்யம் புள்ளி ஒன்பது. கண்ணாடியை ஏற்றி மறுபடியும் பார்த்தார். உங்களைப் போல ஒருவர் பயன்படுத்தினால்தான் அதை ஒன்றாக்க முடியும் என்று மெதுவாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "புள்ளிக்கு முன்னாடி ஒரு ஒண்ணு போட்டு எடுத்துட்டு வாம்மா, அப்புறமா பாக்கலாம்."

யாரைக் கவனிக்க வேண்டும்

பிரபாகர் ஒரு வழி சொன்னார். "1.0 முன்னோட்டம்" என்று பெயர் வைத்துக் கொடுக்கலாம். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒத்திகைக்கு அப்படிப் பெயர். முதலாளி ஒன்றைப் பார்த்தார், மீதியைப் படிக்கவில்லை. படிக்காததை நானும் சுட்டிக்காட்டவில்லை. அந்த உறுத்தல் எனக்கு இன்றைக்கும் உண்டு.

எடைமேடைக் கேபினில் சீட்டு அடிப்பவர் ஆரோக்கியமேரி. நான் மேரி அக்கா என்பேன். கேபினுக்கு நேர் பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. பத்து மணிக்கு மேல் பாறைச் சூடு அப்படியே உள்ளே இறங்கும். முதல் நாள் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சன்னலில் ஒரு முகம் வந்து நின்றது. தொண்டூர் ஏழுமலை, விவசாயி. நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையோ நெல்லோ, எதைக் கொண்டுவந்தாலும் தன் கண்ணால் எண்ணைப் பார்க்காமல் நகரமாட்டார் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். இது என்ன புதுசு என்று கேட்டார். இதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால் ஏமாற்ற முடியாது என்றேன். எல்லாரும் பார்க்கலாம் என்றால் எல்லாரும் கை வைக்கலாம்தானே என்று கேட்டார். இல்லை, யார் திருத்தம் அனுப்பினாலும் சோதித்துப் பார்த்து நான் சரி என்றால்தான் உள்ளே போகும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னை நிதானமாகப் பார்த்தார். "அப்ப மிசினு இல்ல, உன்னத்தான் பாத்துக்கணும் பாப்பா."

ஆறு வாரம், குறை ஏதுமில்லை

ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போயிற்று. எடைமேடையிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை. தினமும் பதிவுகள் வந்தன. ஜல்லி, செங்கல், மல்லாட்டை, எல்லாம் சரியான எண்களோடு. ஒரு கழித்தல்கூடத் தப்பவில்லை. குழுவில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திப் படம் போட்டார்கள். பிரபாகர் வெளியீட்டு அறிவிப்பை எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. குறையே வராத மென்பொருளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பிழையில்லாமல் எழுதப்பட்டது, மற்றது யாரும் திறக்காதது. முதல் வகையை நான் இதுவரை பார்த்ததில்லை. குறைந்தது எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாவது ஒருவர் முணுமுணுக்க வேண்டாமா? விருந்துக்கு ஓர் ஊருக்குப் போனால்கூட அங்கே தண்ணீர் சரியில்லை என்று சொல்லத் தோன்றுகிறதே. இதைக் குழுவின் இணைய அழைப்பில் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று மட்டும் கேட்டேன். பிரபாகர் கோபப்படவில்லை. இந்த எடைமேடை கைவிட்டுப் போனால் நம்மை நம்பிக் காத்திருக்கும் மற்ற ஊர்க்காரர்களும் போய்விடுவார்கள், அப்புறம் உங்களை இன்னொரு வருடம் வேலையில் வைத்திருக்க என்னால் முடியாது என்று வருத்தமாகச் சொன்னார். கடைசியில் இதையும் சொன்னார்: "ஏனுங்க வாசுகி, நல்ல சேதிய நம்பறதுக்கும் கொஞ்சம் பழகிக்கோணுமுங்க."

மாலை ஐந்து மணி

பழகிக்கொள்ள முயன்றேன். இரண்டு நாள் என்னால் முடிந்தது. மூன்றாம் நாள் பதிவுகளை வேறு விதமாகப் பார்த்தேன். எடை சரியா என்று பார்க்காமல், எந்த நேரத்தில் பதிவானது என்று பார்த்தேன். எல்லா நாளும் எல்லா வண்டிகளும் மாலை ஐந்திலிருந்து ஐந்தரைக்குள் எடை போடப்பட்டிருந்தன. அந்த மேடையில் ஒரு லாரி ஏறி இறங்கவே ஐந்து நிமிடம் ஆகும். அரை மணியில் ஆறு வண்டிக்கு மேல் முடியாது, பதிவிலோ தினமும் முப்பது நாற்பது இருந்தன.

மறுநாள் காலை சொல்லாமல் போய் நின்றேன். பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தராசு இருந்த கணினியின் மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. அக்கா பழையதில் எடை போட்டு, நோட்டில் எழுதி, கழித்தலை ஒருமுறை தானே போட்டுப் பார்த்து, கூட்டம் குறைந்த பிறகு மாலையில் நோட்டைப் பார்த்துத் தராசில் அடித்திருக்கிறார். மேடையிலிருந்து வரும் கேபிள் பழுதானால் கையால் எடையை அடிக்கட்டும் என்று ஒரு வழி வைத்திருந்தோம். அவசரத்துக்கு வைத்த சன்னல் அது. ஆறு வாரமாக அக்கா அதன் வழியாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. ஆறு வாரத்து நோட்டையும் எடுத்துக் காட்டினார். சிவப்பு மையில் கோடு போட்டு, எங்கும் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. எனக்கு டீ வாங்கிவர ஆளனுப்பிவிட்டு விளக்கினார்: "உன் சாஃப்ட்வேருல ஒரு தப்பும் வந்துடக் கூடாதுன்னுதான்மா நானே சரி பாத்துட்டு அப்புறமா ஏத்துறேன்."

அமாவாசை

அன்றைக்கே துணியை எடுத்தோம். பழைய கணினியை ஓரமாக வைத்துவிட்டு நேராகத் தராசிலேயே எடை போடுவது என்று அக்கா ஒத்துக்கொண்டார். சீட்டு அடிக்கும்போதெல்லாம் உதட்டை அசைத்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. மார்கழி அமாவாசை வந்தது. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் மத்தியானத்திலிருந்தே சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஆலையில் நெல்லை இறக்கிவிட்டுக் காலி எடை போட டிராக்டர்கள் திரும்பி வர வழியில்லை. இதற்கும் தராசில் ஏற்பாடு உண்டு. ஒருமுறை காலி எடை போட்டுவிட்டால், வண்டியின் எண்ணோடு சேர்த்து அதை ஞாபகம் வைத்திருக்கும். அவசரமென்றால் அந்தப் பழைய காலி எடையைக் கழித்தே சீட்டு அடித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான். நூறு விதமாகச் சோதித்திருந்தேன்.

ஏழுமலை அறுபத்திரண்டு மூட்டை நெல்லோடு வந்தார். அக்கா பழைய காலி எடையைக் கழித்துச் சீட்டுக் கொடுத்தார். சன்னலை விட்டு அவர் நகரவில்லை. மூட்டைக்கு எழுபத்தைந்து கிலோ என்று தானே எடை போட்டுக் கட்டியவை, இதில் நாலு மூட்டை குறைகிறது என்றார். முதலாளி வந்தார், இந்த ஆளுக்கு எப்போதும் இதே வேலை என்றார். பின்னாலிருந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் கழித்தலைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மேடையின் எண்ணைப் பார்த்தேன், அதுவும் சரி. உள்ளுக்குள் நானும் முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சந்தேகப்படுவதையே வேலையாக வைத்திருப்பவள், சந்தேகப்படுகிற இன்னொருவரை நம்பவில்லை.

இருந்தாலும் வெளியே இறங்கிப் போய் வண்டியைச் சுற்றி வந்தேன். டிராக்டர் அவருடையது. பின்னால் கோத்திருந்த டிரெய்லர் பெட்டி புத்தம் புதியது, மெல்லிய தகடு. போன வாரம் இவர் இழுத்து வந்தது கனமான பழைய இரும்புப் பெட்டி. கேட்டேன். அதன் ஆக்ஸில் உடைந்து பட்டறையில் கிடக்கிறதாம், இது மச்சானிடம் வாங்கி வந்தது. இங்கே யாரைக் கேட்டாலும் அப்படித்தான். ஒரு டிராக்டருக்கு அண்ணன் பெட்டி, மச்சான் பெட்டி, பக்கத்து நிலத்துக்காரர் பெட்டி என்று மாறிக்கொண்டே இருக்கும். பெட்டிக்கென்று தனி எண் இருந்தாலும் அது சேற்றுக்கு அடியில் இருக்கும். தராசு டிராக்டரின் எண்ணை மட்டும் பார்த்து, பட்டறையில் கிடக்கும் பெட்டியின் கனத்தை இன்றைய நெல்லிலிருந்து கழித்திருக்கிறது. கோவையிலும் மற்ற ஊர்களிலும் எழுதிய ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கும் குரலில், பெட்டியை மாற்றியதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "பொட்டி யாருதா இருந்தா இன்னா பாப்பா, நெல்லு என்னுதுதானே."

இரண்டே வரி

அன்று கூட்டம் கலைந்த பிறகு ஏழுமலை காலி வண்டியோடு வந்தார், சீட்டை மாற்றிக் கொடுத்தோம். நடந்ததைக் குழுவுக்கு எழுதினேன். மதுரையில் கணினி பாடம் எடுக்கும் பேராசிரியர் ஒருவர் எங்களோடு எழுதுகிறார். மறுநாள் காலையே திருத்தம் அனுப்பிவிட்டார். இனிமேல் தராசு பெட்டியின் எண்ணையும் கேட்கும், காலி எடையை அந்த எண்ணோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரண்டே வரிதான் மாற்றியிருப்பதாகக் குறிப்பும் இருந்தது. எங்கள் தொழிலில் என்னை நடுங்க வைக்கும் வார்த்தை அதுதான். இருநூறு வரி மாற்றுகிறவர் பயந்துகொண்டே மாற்றுவார், நாலு முறை பார்ப்பார். இரண்டு வரி மாற்றுகிறவர் பார்ப்பதே இல்லை.

மேடையில் ஏற்றாமல், வீட்டில் பழைய பதிவுகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். லாரிக்குப் பெட்டி எண் கிடையாது. அந்தக் கட்டத்தில் யாரும் செய்வதுபோலப் பூஜ்யம் என்று அடித்தேன். அடுத்த லாரிக்கும் பூஜ்யம். தராசு என்ன செய்தது தெரியுமா? பூஜ்யம் என்பது ஒரு பெட்டியின் எண், அந்த ஒரே பெட்டியைத்தான் எல்லா லாரிகளும் மாறி மாறி இழுக்கின்றன என்று முடிவு கட்டிவிட்டது. பெரிய லாரியின் காலி எடையைச் சின்ன வண்டிக்குக் கழித்ததில், ஒரு மினி லாரி நிறைய ஏற்றியிருந்த செங்கல்லின் எடை மைனஸ் இரண்டு டன் என்று வந்தது. படம் பிடித்து அனுப்பினேன். பேராசிரியர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அப்படியாம்மா, சரி விடு, இன்னும் ரெண்டே வரியில சரி பண்ணிருவோம்."

ஏழு புள்ளி இரண்டு

அந்தத் திருத்தத்தைத் திருத்திக்கொண்டிருந்த வாரத்தில்தான் முதலாளியிடமிருந்து போன் வந்தது. புதுச்சேரியிலிருந்து விற்பனையாளர் ஒருவர் வந்திருக்கிறார், நீயும் வந்து பார் என்றார். மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கழுத்துப் பட்டையும் பளபளக்கும் மடிக்கணினியுமாக ஒருவர் தன் மென்பொருளைக் காட்டிக்கொண்டிருந்தார். பூட்டிய மென்பொருள், உள்ளே யாரும் பார்க்க முடியாது. பதிப்பு எண் ஏழு புள்ளி இரண்டு. முதலாளி அந்த ஏழைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அமாவாசைத் தகராறுக்குப் பிறகு எங்கள் ஒன்றுக்குப் பக்கத்திலிருந்த முன்னோட்டம் என்ற வார்த்தையையும் அவர் படித்துவிட்டிருந்தார். பொங்கலுக்குள் உங்களுடையது வெறும் ஒன்றாகவில்லையென்றால் இதை வாங்கிவிடுவேன் என்று அங்கேயே சொன்னார்.

நான் ஏழைப் பார்க்கவில்லை. பட்டன்களின் வரிசையைப் பார்த்தேன். பிறகு தேதி போடும் கட்டத்தைப் பார்த்தேன். அது மற்றக் கட்டங்களைவிட மயிரிழை கீழே இறங்கியிருந்தது. தராசில் இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் குறையாக எழுதி, அவசரமில்லை என்று யாருமே திருத்தாமல் விட்ட அதே இறக்கம். வண்ணத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். எங்களுடையது திறந்த மூலம். யாரும் எடுத்து மாற்றி விற்கலாம், எடுத்த இடத்தைச் சொன்னால் போதும். அவர்கள் அதைத்தான் சொல்லவில்லை. அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம்.  வெளியே வந்தபோது விற்பனையாளர் எனக்காகப் படியருகில் நின்றுகொண்டிருந்தார். நான் எந்த மென்பொருளைச் சேர்ந்தவள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேடம், உங்க ஒண்ணு எப்ப வருதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா, நாங்க அத வெச்சி எட்டு போட்டுடுவோம்."

இரண்டாவது மேடை

பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. திருத்தம் முடிந்துவிட்டது. டிராக்டர் என்றால் பெட்டியைப் பார்க்காமல் பழைய காலி எடை போட முடியாது. பார்த்துப் பழைய எடையைக் கழித்தாலும் சீட்டில் அது பெரிய எழுத்தில் வரும். என் பட்டியலில் இருந்த எல்லாவற்றுக்கும் நேராக டிக் விழுந்திருந்தது. பழைய பதிவுகள் புதியதில் திறக்கின்றன, கேபிளைப் பிடுங்கினால் எச்சரிக்கிறது, மின்சாரம் போனாலும் எடை அழிவதில்லை. ஆனால் கார்த்திகையிலும் இதே பட்டியலில் இதே டிக்குகள்தான் இருந்தன. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று பிரபாகர் கேட்டார். பயமாக இருக்கிறது என்பதை ஒரு காரணமாக எழுத முடியாது, அளந்து பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்றார். தயாரில்லாமல் அறிவித்தால் அறுவடை முழுக்க யாரோ ஒருவருடைய நெல் சீட்டில் காணாமல் போகும். அறிவிக்காவிட்டால் எடைமேடை போகும், என் வேலையும் போகும். ஒரு வாரம் கேட்டு வாங்கினேன்.

அளந்து பார்க்க என்னிடம் ஒரு கருவி இருந்தது. பிரபாகரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. அந்த அமாவாசைக்குப் பிறகு ஏழுமலை ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டிருந்தார். எங்களிடம் எடை போட்டுச் சீட்டு வாங்கியதும், ஆலைக்குப் போக இடது பக்கம் திரும்பாமல் வலது பக்கம் திரும்புவார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு எடைமேடை. அங்கேயும் எடை போட்டுக்கொண்டு, திரும்ப எங்கள் சன்னலுக்கு வந்து இரண்டு சீட்டுகளையும் அருகருகே பிடித்துக் காட்டுவார். பத்து கிலோ, இருபது கிலோ முன்னே பின்னே இருக்கும். மேடைக்கு மேடை அவ்வளவு இருப்பது சகஜம்தான். காட்டிவிட்டு ஆலைக்குப் போய்விடுவார். இந்த ஊரிலேயே அதிகம் சந்தேகப்படுகிற மனிதர் என்றைக்கு வலது பக்கம் திரும்பாமல் போகிறாரோ, அன்றைக்குத் தராசு தயார். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

தினமும் கேபின் மூலையில் போய் உட்கார்ந்தேன். அறுவடை நேரம், அவரும் தினமும் ஒரு நடை நெல் கொண்டுவந்தார். முதல் நாள் வலது. இரண்டாம் நாள் வலது. மூன்றாம் நாள் பெட்டியை மாற்றிக்கொண்டு வந்தார், வேண்டுமென்றே என்று நினைக்கிறேன். தராசு கேட்டது, அக்கா எட்டிப் பார்த்து எண்ணை அடித்தார், அன்றைக்கும் வலது. இப்படியே ஆறு நாள். ஏழாம் நாள் சீட்டை வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், டிராக்டரை எடுத்தார், இடது பக்கம் திரும்பி ஆலைக்குப் போய்விட்டார். வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று மேரி அக்கா கேட்டார். அங்கேயே, அந்த மூலையிலேயே மடிக்கணினியைத் திறந்து பதிப்பு ஒன்றை வெளியிட்டேன். குழுவில் பூங்கொத்துப் படங்களாக வந்து விழுந்தன. எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தீர்கள் என்று பிரபாகர் கேட்டார், களச் சோதனை என்று எழுதினேன். முதலாளி சீட்டின் மூலையில் முன்னோட்டம் போய் ஒன்று மட்டும் இருப்பதை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, புதுச்சேரிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

மறுநாள் ஏழுமலை எடை போட்டுவிட்டு வலது பக்கம் திரும்பினார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து சன்னலில் இரண்டு சீட்டுகளையும் பிடித்தார்.  எண்கள் ஒத்திருந்தன, அது அல்ல விஷயம். அவ்வளவு நாளில் அவரிடம் நானாகப் போய் எதுவும் பேசியதில்லை. அன்றைக்கு வெளியே இறங்கிப் போய்க் கேட்டுவிட்டேன், நேற்று மட்டும் ஏன் அந்த மேடைக்குப் போகவில்லை என்று. அவர் நேற்று என்றால் எது என்பதுபோலக் கொஞ்சம் யோசித்தார். "நேத்தா? அங்க கரும்பு லாரி லைன் கட்டி நின்னுது பாப்பா, யாரு நிக்கிறதுன்னு போயிட்டேன்."

ஆகவே, மென்பொருள் எப்போது தயாராகிறது என்று என்னைக் கேட்டால், சந்தேகப்படுகிறவருக்கு வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் போகிற நாளில் என்றுதான் இப்போதைக்கு என்னால் சொல்ல முடிகிறது.